மில்ரனின் மீன்பெட்டி

பின்னேரம் ஆறு மணிக்கு என் வீட்டுப் படலையைக் காலால் தள்ளித் திறப்பான் மில்ரன். இரண்டு கையிலும் மீன் ஏற்றும், வெள்ளை நுரை அட்டையில் செய்த றெஜிபோம் பெட்டி. பின்னால் மனைவி டிலோஜினி வருவாள்.

"மிஸ்ஸி, சரக்கு வந்திட்டுது!"

பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் ஒரு தகரப் பேணி, பேணிக்குள் துணி சுற்றிய ஊசிமருந்து. பிள்ளை உண்டாவதற்கு யாழ்ப்பாணத்து டொக்டர் எழுதியது. பேசாலையில் நான் அவர்களுக்குப் பக்கத்து வளவு, ஓய்வுபெற்ற தாதி. என் பிரிட்ஜில் வை என்றால் கேட்கமாட்டான். "கரண்ட் போனா என்ன செய்யிறது? எங்கட ஐஸ் போகாது."

நாற்பது வருடத்தில் நான் பார்த்த புருசன்மாரில் பலர் ஊசி நேரத்தில் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். நான் டிலோஜினிக்கு ஊசி போடும்போது மில்ரன் பக்கத்துக் கதிரையில் இருந்து கையை நீட்டுவான், டிலோஜினி பிடித்துக்கொள்வாள். அவன் முகம் கலண்டர் பக்கம் திரும்பிவிடும். திருக்கை வாலால் அடி வாங்கியும் அடுத்த நாளே கடலுக்குப் போனவனுக்கு ஊசியைப் பார்க்கப் பயம். "முடிஞ்சுதோ?" என்று கேட்பதும் அவன்தான்.

சந்தையில் கேட்பார்கள்: "தம்பி, ஒன்பது வருசமாச்சு. இன்னும் ஒண்டுமில்லையோ?"

"என்ர வலைதான் ஓட்டை, மாமி."

இருவரின் பரிசோதனை முடிவுகளையும் நான் வாசித்திருக்கிறேன். அதில் உள்ளது என்னோடு இருக்கட்டும்.

போன தவக்காலத்தில் மூன்றாம் முறையும் சரிவரவில்லை. டிலோஜினி பையைக் கட்டிவிட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் பாப்பாமோட்டைக்கு, தாய் வீட்டுக்குப் போக. "என்னோட இருந்தா உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் போறன்."

அன்று பின்னேரமே, அவளைக் கேளாமலே அவன் புது மருந்து வாங்கி, அவளையும் கெஞ்சி என்னிடம் கூட்டிவந்தான். அவசரத்தில் பேணியும் இல்லை, துணியும் இல்லை. நேரே ஐஸுக்குள் புதைத்திருந்தான். குப்பி கல்லாக உறைந்து கிடந்தது.

"உறைஞ்சது உதவாது," என்றேன்.

"இதையும் பழுதாக்கிப்போட்டன்," என்று கதிரையில் இருந்து அழுதான்.

டிலோஜினி குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். "மிஸ்ஸி, மருந்தைப் பாரைமீன் எண்டு நினைச்சிட்டார்!"

மறுநாள் பஸ் அவள் இல்லாமல் போனது.

ஆவணியில் டொக்டர் இனி முயன்று பலனில்லை, போதும் என்றுவிட்டார். அந்தக் கிழமையே இருவரும் மடுக் கோவிலுக்குப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லி வந்தார்கள்.

"என்னத்துக்கடா நன்றி?"

"இவ போகேல்லையே, மிஸ்ஸி."

ஊசி இல்லை. ஆனாலும் ஆறு மணிக்குப் படலை திறக்கிறது. பெட்டிக்குள் இப்போது எனக்கு மீன். நேற்று நான் மீனைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். அதே இரண்டு கதிரைகள். மில்ரன் கலண்டரைப் பார்த்தபடி கையை நீட்டினான். டிலோஜினி பிடித்துக்கொண்டாள்.