விருந்து முதலில் வந்த படம்

முப்பதுகளின் கடைசியில் எங்கள் மெதடிஸ்த கோயிலில் புதன்கிழமை தோறும் வகுப்புக் கூட்டம் நடக்கும். பாடம் படிக்கிற வகுப்பு அல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து, அந்த ஒரு கிழமைக்குள் ஆண்டவர் தனக்கு என்ன கற்றுத் தந்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கேட்டு நடத்துகிறவர் என் அப்பா. மகள் என்பதற்காக அவர் என்னை ஒருநாளும் தப்பவிட்டதில்லை. நான் வழக்கமாக, பொறுமை கற்றேன் என்பேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியை அப்படிச் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஒரு கிழமை மட்டும் சொல்ல உண்மையாகவே ஒரு விசயம் இருந்தது. மாமாங்கம் சைவக் கோயில் திருவிழாக் கூட்டத்தை நம்பி அமிர்தகழியில் படக் கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். கூடப் படிப்பிக்கும் இருவருடன் பின்னேரக் காட்சிக்குப் போய்வந்திருந்தேன். எங்கள் வீட்டுக் கணக்கில் திருவிழா ஒரு குற்றம், படம் இன்னொரு குற்றம்.

படத்தில், வேதாகமத்தின் கெட்டகுமாரன் கதையைப் போல, ஒரு வியாபாரியின் மகன் கந்தலோடு வீடு திரும்புகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார். அதன் பிறகு அதே மகன் பட்டுச் சால்வையோடு நின்று, தகப்பனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, தன் பங்கை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போகிறான். அத்தோடு படம் முடிந்தது. படச் சுருளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சத்தம் போடவில்லை. கூத்துப் பார்க்கப் போய், இடையில் நித்திரை கொண்டு, எழும்பின இடத்திலிருந்து கதையைப் பிடித்துக்கொள்கிற சனம் எங்கள் சனம். மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

எனக்கு அடுக்க மனம் வரவில்லை. ஏசப்போகிறவன் என்று தெரிந்துகொண்டா அந்த மனுசன் சோறு போட்டார்? அப்படியும் ஒரு தகப்பன் இருப்பாரா?

நான் இப்படிக் குடைந்ததற்குக் காரணம் அண்ணன். அவன் கத்தோலிக்கப் பெண்ணைக் கலியாணம் செய்து, அவர்களுடைய கோயிலுக்கே போய்விட்டான். வந்து மன்னிப்புக் கேட்டால்தான் இந்த வீட்டில் சோறு என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் இருந்தது வாவிக்கு அக்கரையில்தான். அம்மா அவன் சோறு தின்கிற பீங்கானைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

கூட்டத்தில் என் முறை வந்தது. பொறுமை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கூடாரத்தையும் மாறின சுருளையும் சொல்லிவிட்டேன்.

"ஆண்டவரும் எங்களுக்கு விருந்தத்தான் முதல் வைச்சவரோ எண்டு யோசிச்சன்" என்றேன்.

யாரோ இருமினார்கள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"அது படம் ஓட்டினவன்ட பிழை. வேதத்தில முதல் மனந்திரும்புதல், மறுகாதான் விருந்து. அடுத்த ஆள் சொல்லுங்க."

வீட்டுக்கு அப்பா முன்னால் நடந்தார். நல்ல ஏச்சு இருக்கிறது என்று நான் பின்னால் போனேன். வீட்டு வாசல் படலையடியில் நின்று திரும்பினார்.

"மகன் ஏசக்குள்ள அந்தத் தகப்பன் என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யல்லப்பா. வாசல்ல நிண்டு பாத்தவர்."

"அவன் சாப்பிட்டுட்டுத்தானே போனவன்?"

"ஓம். வயிறு நிறையச் சாப்பிட்டவன்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை சந்தையிலிருந்து ஒரு கோர்வை நண்டோடு வந்தார். நண்டு தின்றால் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். எங்கள் வீட்டில் நண்டுக்கு உயிரை விடுகிறவன் அண்ணன்.

"அக்கரைக்கு ஆள் அனுப்பு. ரெண்டு பேரையும் வரச்சொல்லு" என்றார்.

"அப்ப மன்னிப்பு?" என்று அம்மா பயந்து பயந்து கேட்டாள்.

"மறுகா கேக்கட்டும்."

அண்ணனும் மச்சாளும் வந்தார்கள். அம்மா அந்தப் பீங்கானை நிமிர்த்தி வைத்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, "அப்பா, நான்..." என்று தொடங்கினான். அப்பா ஒரு நண்டை எடுத்து அவன் பீங்கானில் வைத்தார். சற்றுப் பொறுத்து அவன் மறுபடி வாய் திறந்தான். அப்பா இன்னொன்றை வைத்தார்.