பியானோவில் கோளாறு இல்லை

அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஹோட்டல் லவுஞ்சில் முதல் பாட்டைத் தொடங்கியதுமே பியானோவின் வலப்பக்கக் கட்டைகள் சுருதி விலகியிருப்பது தெரிந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஸ்வரம் கேட்டது. ஒன்று சரியானது, இன்னொன்று அதற்குக் கொஞ்சம் கீழே. மேல் கட்டைகளைத் தொடாமல் மூன்று மணி நேரத்தை எப்படியோ ஓட்டினேன்.

காலையிலிருந்தே வலது காது அடைத்தாற்போல இருந்தது. நியூ ஜெர்சியில் ஏப்ரல் மாதம், கார் மேலெல்லாம் மஞ்சள் மகரந்தம், வீட்டுக்கு வீடு தும்மல். அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசிக்கக் கிளம்பியிருந்தேன். அடைத்த காதையும் பிசகிய பியானோவையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை என்றால், கர்வம். ஈரோட்டில் லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். ஐடி வேலையாக பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து, இங்கே ஜாஸ் கேட்டு, மயங்கி, பத்து வருடம் வார இறுதிகளில் உட்கார்ந்து கற்றேன். நாற்பத்தொரு வயதில் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோது வேறு வேலை தேடவில்லை. குடியுரிமை விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் பியானிஸ்ட் என்று எழுதினேன். குக்கர் விசில் என்ன சுருதி என்றுகூடச் சொல்லிவிடுவேன். என் மனைவி வளர்மதிக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட காது தப்பாகக் கேட்கும் என்று நான் நினைப்பேனா?

மறுநாளே பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை வரவழைக்கச் சொன்னேன். வால்டர் என்ற பெரியவர், பல வருடங்களாக அந்த ஹோட்டலுக்கு வருபவர். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "பியானோவில் கோளாறு இல்லை" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கூப்பிட்டேன்.

இரண்டாவது முறை அவர் பியானோவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். அப்புறம் இன்னொரு காதை."

"என் காதைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றேன். மேஜைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த பணியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாமான் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது முறையும் அதே கதைதான். மானேஜரிடம் புகார் சொன்னேன். இனி அவரைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டில் இருந்தது டிஜிட்டல் பியானோ. அதற்குச் சுருதி விலகாது என்று எனக்குத் தெரியாதா? அதிலும் அப்படியே கேட்டபோது ஸ்பீக்கர் பழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பதினேழாம் நாள் வளர்மதி ஆபீசிலிருந்து போன் செய்தாள். வலது காதில் வைத்தேன், இரைச்சல்தான் கேட்டது. இடது காதுக்கு மாற்றினேன், அவள் பேசிக்கொண்டிருந்தாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஃபார்மா கம்பெனியில் வேலை. வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏனுங்க, பியானோவுக்கு மூணு தடவ ஆள் கூப்பிட்டீங்க. உங்களுக்கு ஒரு அப்பாயின்மென்ட் போடத் தோணலையா?" என்றாள்.

காது மூக்கு தொண்டை நிபுணர் டாக்டர் ஷாஹிதா திருநெல்வேலிக்காரர். ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் இருந்தால் காதுக்குக் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்துப் பார்த்தார். வலது காதின் கோடு பாதிக்கு மேல் செங்குத்தாக இறங்கியிருந்தது.

"சடன் ஹியரிங் லாஸ் சார். உள்காது பாதிச்சிருக்கு. அதான் ஒரே ஸ்வரம் ரெண்டு காதுல ரெண்டு மாதிரி கேட்டிருக்கு. ஏன் வருதுன்னு பல பேருக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா சான்ஸ் நல்லா இருந்திருக்கும். இப்பவும் ட்ரை பண்ணலாம். ப்ராமிஸ் மட்டும் பண்ண மாட்டேன்."

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒரு காது திடீரென்று அடைத்தால், அலர்ஜி என்றோ அழுக்கு என்றோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காட்டுங்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். நரம்பில் கட்டி எதுவும் இல்லை. ஸ்டீராய்டு (உள்காதின் அழற்சியைக் குறைக்கும் மருந்து) மாத்திரைகளில் சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது. வாரம் ஒரு முறை செவிப்பறை வழியாக ஊசி போட்டு மருந்தை உள்ளே விட்டார்கள். அதன் பிறகு அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது.

எங்கள் தொழிலில் கை வலி என்றால் ஓய்வெடு என்பார்கள். காது போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் வாசிக்கக் கூப்பிட்டுப் போனே வராது. அதனால் ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, எனக்குப் பதில் வேறொரு பியானிஸ்டை ஹோட்டலுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான் நாள் கணக்கு உறைத்தது. வால்டர் காதைப் பொத்திப் பார்க்கச் சொன்னது எட்டாவது நாள். அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் எனக்கு மிச்சம் இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றப் பார்த்த மனிதரின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் வளர்மதி.

"சொன்னா என் சீட் போயிரும்."

"போனாப் போவுது. அந்த மனுசன் சீட்டப் புடுங்குனது நீங்கதான?"

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். "சரியாகிவிடுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வால்டரை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். என்னைப் பற்றி, பிறகு பார்க்கலாம் என்றார்.

வால்டர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்களா, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளே போய் என் காதை டெஸ்ட் செய்துகொண்டேன்" என்றார். வாசலில் நின்றபடி தலை குனிந்தேன்.

ஹோட்டலிலிருந்து நான்கு மாதம் அழைப்பு இல்லை. செப்டம்பரில் மானேஜர் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமை மட்டும். அதற்குள் வலது காதில் கீழ்ச் சுருதிகள் பாதி திரும்பியிருந்தன. மேலே எதுவும் இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இரட்டை ஸ்வரமும் நின்றுவிட்டது, பிசகாகக் கேட்பதற்குக்கூட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. என்னோடு டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் கெவின் ஒன்றும் கேட்காமல் என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டான். முன்பைவிடக் குறைவாக வாசிக்கிறேன். ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு, அது அடங்கும் வரை காத்திருக்கிறேன். நன்றாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள்.

டாக்டர் சொன்ன பிறகும் தினமும் காலையில் கண் விழித்ததும் வலது காதருகே இரண்டு விரல்களை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காது. அதன் பிறகுதான் எனக்கு நாள் தொடங்கும்.

அக்டோபரில் ஒரு மாலை, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் வளர்மதியை அழைத்துவரக் காரில் காத்திருந்தேன். அன்று காலை விரலை உரசவே இல்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. முந்தின நாளும் இல்லை. என்றைக்கு நிறுத்தினேன் என்று யோசித்தேன், தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

ரயில் வந்து, வளர்மதி வந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தவள் காரணம் கேட்கவில்லை. இந்த ஊர்க் காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஓட்டுகிறவனின் வலது காதுப் பக்கம்தான் மனைவி உட்கார வேண்டும். ஆறு மாதமாக அவள் பேசியதில் பாதிக்கு நான் சும்மா தலையாட்டியிருந்தேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க. இனிமே நான் டிரைவ் பண்றேன்" என்றாள்.

இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் கதை, ரயில் தாமதம், நாளைக்கு என்ன சமையல் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் கேட்டது.