பதருன்னிசாவின் பீரோ மேல் ஒரு டப்பா

கோவளத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துப் படமெல்லாம் பதருன்னிசா எடுப்பதுதான். திரைக்கு அந்தப் பக்கம் ஆண் கேமராக்காரன் வரமுடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவள் கொடுத்திருக்கும் வாக்கு. எடுத்த படம் அவள் வீட்டைத் தாண்டி வேறு யார் கையிலும் சிக்காது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே பார்த்து, பிடித்ததைப் பென் டிரைவில் வாங்கிப் போகலாம்.

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. முன்பு அவள் வேலை பார்த்த ஸ்டுடியோ, முக்காடு நழுவிய ஒரு மணப்பெண் மருதாணிக் கையோடு சிரிக்கிற படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டது. கேட்டதற்கு, எல்லாம் கிளவுடில் ஒன்றாகக் கிடந்தது, தெரியாமல் போய்விட்டது என்றார்கள். தெரியாமல் போய்விட்டதாம்! அந்தப் பெண் வெகுநாள் கடைத்தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. பதருன்னிசா அன்றைக்கே ஸ்டுடியோவைத் தலைமுழுகினாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி, படுக்கையறை பீரோ மேல் ஏற்றினாள். சர்வர் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் அதற்குப் பெயர் டப்பா.

ஹம்னாவின் நிக்காஹ் நிச்சயமானபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. அவளுடைய அக்கா அர்வா இருப்பது மஸ்கட்டில். நிறைமாதம், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என் தங்கச்சிய நான் பாக்கவாணாமா பதரக்கா? வாட்ஸப்ல அனுப்பிடேன்" என்று போனில் கெஞ்சினாள் அர்வா.

"அதுல போனா ஊர் சொத்தாயிடும். உன் போன் அங்கிருந்தே என் டப்பாவுக்குள்ள வந்து பாக்கட்டும். நான் வழி பண்றேன்."

கணவன் கிஃபாயத்துல்லா பஜாரில் செல்போன் கவர் விற்கிறவன். "ஊரே கம்பெனி கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா தூங்குது. உனுக்கு மட்டும் இன்னாமே பேஜாரு?" என்றான்.

"அது எவனோ ஒருத்தன் வூடு. இது என் வூடு" என்றாள் அவள்.

வீடியோ பார்த்துப் பார்த்து ரூட்டரில் வெளியிலிருந்து வர ஒரு வாசலைத் திறந்தாள், அதற்குப் பூட்டும் போட்டாள். அடுப்படியில் நின்றபடி போனில் தட்டிப் பார்த்தாள். படங்கள் பொலபொலவென்று வந்து கொட்டின. தலைகால் புரியவில்லை அவளுக்கு. நிக்காஹ் முடிந்த கையோடு மண்டபத்திலிருந்தே டப்பாவுக்கு ஏற்றிவிடுவேன், அர்வா அங்கே பார்த்துவிடலாம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

திருவிடந்தை மண்டபத்தில் மானம் போயிற்று. லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் ஏறவில்லை. மஸ்கட்டிலும் ஒன்றும் திறக்கவில்லை. பெண்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் முபஷ்ஷிர் திரையோரம் வந்து நின்று கையை நீட்டினான்.

"கேமரா கார்ட குடு. நான் ஏத்தி ஃபேமிலி க்ரூப்ல லிங்க் போட்டுடறேன். சும்மா ஓவரா பண்ணிக்கினு."

"குடுத்துடேன் பதரு, புள்ள அங்க அழுதுகினு கீறா" என்றாள் ஹம்னாவின் அம்மா.

பதருன்னிசாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. இருந்தாலும் கார்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். "குடுக்கமாட்டேன். வலீமா விருந்து முடியறதுக்குள்ள அர்வா பாப்பா. இல்லன்னா இனிமே கேமராவ தொடமாட்டேன்."

வாயை விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் இன்டர்நெட் கனெக்ஷன் கொடுத்த கலைவாணனைப் பிடித்தாள். அவன் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"வூட்டு வைஃபைல வச்சுதான தட்டிப் பாத்த? உள்ள இருந்துகினே உன் கதவ நீயே தட்டிக்கீற அக்கா. இன்டர்நெட்ல உனுக்குன்னு தனி அட்ரஸே கிடையாது. தெருவுக்கே ஒரே அட்ரஸ். வெளிய இருந்து வர்றவனுக்கு எது உன் வூடுன்னு தெரியாது."

அடுப்படியில் நின்று குதித்தது ஞாபகம் வந்தது. தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. அப்புறம் கேட்டாள்: "வெளிய இருந்து உள்ள வரமுடியாது. உள்ள இருந்து வெளிய போலாமில்ல?"

"அது போலாம்."

"அப்ப என் டப்பா போவட்டும்."

இன்டர்நெட்டில் தனி அட்ரஸோடு சின்னதாக ஒரு மெஷினை வாடகைக்குப் பிடித்தாள். டப்பா தானாகப் போய் அதோடு ஒரு தொடர்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். அர்வாவின் போனும் அங்கே வரும். நடுவிலிருக்கும் மெஷினுக்கு வழிவிடும் வேலை மட்டும்தான். படம் பூட்டியபடியே அதைத் தாண்டும். டப்பாவைத் தவிர, திறக்கிற சாவி ஒன்றே ஒன்றுதான், அது அர்வாவின் போனுக்கு. பாதியில் எங்கே தப்பு என்று தெரியாமல் பலமுறை முட்டி நின்றாள், திட்டினாள், மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை அடுப்படியில் சோதிக்கவில்லை. அர்வாவின் சாவியைத் தன் போனில் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மீன் கூடைகளுக்கு நடுவே நின்று தட்டினாள். திறந்தது. அந்தச் சாவியை அர்வாவின் போனுக்கு மாற்றிவிட்டாள்.

வலீமா பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அர்வா அழுதுகொண்டிருந்தாள். "ஹம்னா இப்டி வாய்விட்டு சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். பதருன்னிசாவும் அழுதுவிட்டாள்.

நாலு நாள் கழித்துப் படம் தேர்ந்தெடுக்க ஹம்னாவை முபஷ்ஷிர் அழைத்து வந்தான். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"செட் ஆயிடுச்சாமே. எனக்கும் ஒரு சாவி போடு."

"உங்களுக்குக் கிடையாது பாய். அதுல ஊர்ப் பொம்பளைங்க முக்காடு இல்லாம கீறாங்க."

"எங்க வூட்டுக் கல்யாணம். குடுக்கலன்னா எங்க சொந்தத்துல எவனும் உன்ன கூப்புட மாட்டான்."

"கூப்புட வாணாம். பொம்பள பக்கத்துக்கு ஆம்பளய அனுப்பிக்கோங்க."

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று ஹம்னா பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு. உன் படம்தான?"

ஹம்னா அந்த வீட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. இனி அவள் சோறு தின்பதும் தூங்குவதும் அங்கேதான். பதருன்னிசா அவளையே பார்த்தாள். இந்தப் பெண் தலையாட்டிவிட்டால் டப்பாவும் பூட்டும் எதற்கு?

ஹம்னா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாணாம் மச்சான்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். ஹம்னா தன் போனை எடுத்து நீட்டினாள். பதருன்னிசா அதை வாங்கி, இரண்டாவது சாவியைப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாவதை அவள் செய்யவே இல்லை.