ஆகல அக்கா

எங்கள் ஆபீசில் என் வேலை பிளக்கைப் பிடுங்குவது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம். கம்ப்யூட்டர் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை நிறுத்துவேன். மறுபடி போட்டு, எழுதியதெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஆகல அக்காவிடம் போய்ச் சொல்வேன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. "முடிஞ்சுதா?" என்று யார் கேட்டாலும் "ஆகல" என்றே பதில் வருவதால் இது ஒட்டிக்கொண்டது. மற்றவர்களெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் வேலையைத் தொடங்குகிற இடத்தில் இந்தப் பழக்கம் யாருக்குப் பிடிக்கும்? வீட்டிலும் அப்படி "ஆச்சு" சொல்கிறவர் ஒருவர் உண்டாம். கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அவர் போனில் "இதோ வந்துட்டேன்" என்றால் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம்.

"உங்க ரெண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகுதோ" என்றேன் ஒருநாள்.

"அவர் வந்துட்டேன்னு சொன்னதும் நான் துணியை ஊறவைப்பேன். துவைச்சுக் காயப்போடவும் அவர் வரவும் சரியா இருக்கும்" என்றார்.

அக்காவின் வேலையைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். பெரிய கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு டிஸ்க்கை நம்பி இருக்க முடியாது. ஏழெட்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்துவார்கள். நிறையப் பேர் உள்ள வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் அடுப்பு எரிகிற மாதிரி, ஒன்று செத்தாலும் மற்றவை தகவலைக் காப்பாற்றிவிடும். இவற்றை மேய்க்கிற அட்டைதான் ரெய்டு கன்ட்ரோலர். புது அட்டை வந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அதன் பாஷை புரியாது. இரண்டையும் பேசவைக்க டிரைவர் என்ற நிரலை எழுத வேண்டும். அக்கா எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்க்கிற அந்தக் கெர்னலின் அடுத்த பதிப்பில் அந்த டிரைவர் ஏறிவிட்டால் அக்காவுக்கு லீடர் பதவி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பிரசவத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், அவரிடம் வேலை பழகியவர்களெல்லாம் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள். வாய்விட்டுக் கேட்கிற ஆளில்லை. ஆனால் ஆசை இருந்தது, எனக்குத் தெரியும்.

சிக்கல் என் கையால்தான் வந்தது. அட்டையின் மலிவு மாடலில், மின்சாரம் போனாலும் அதன் நினைவகத்தைக் காப்பாற்றுகிற பேட்டரி கிடையாது. அதில் நான் மின்சாரத்தை நிறுத்தினால் சில சமயம் கோப்புகள் காணாமல் போயின. அக்கா சலிக்காமல் தோண்டிக் கண்டுபிடித்தார். அந்த அட்டை தகவலைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே "எழுதிட்டேன்" என்கிறது. கையிலிருப்பதை டிஸ்க்கில் இறக்கு என்று கட்டளை அனுப்பினால் அதற்கும் உடனே "இறக்கிட்டேன்".

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே பேசுது பாரு" என்று சிரித்தார் அக்கா. "அவராவது லேட்டா வந்து சேர்ந்துடுவாரு."

அட்டை தகவலைக் கையில் பிடித்துவைப்பதையே டிரைவர் தடுத்துவிடலாம். ஆனால் வேகம் பாதியாகிவிடும். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கரண்ட் எப்பவோ ஒரு தடவைதாம்மா போகும். இப்ப அனுப்பிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

"இன்னும் ஆகல சார்."

"நீங்க அனுப்பினா பதவி உங்களுக்கு. இல்லன்னா நானே என் பேர்ல அனுப்பிடறேன்."

அக்கா திரைப் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கெர்னலுக்கு அனுப்புகிற ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அனுப்புகிறவர் பெயர் போட வேண்டும். இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். மேனேஜர் வேகமான டிரைவரைத் தன் பெயர் போட்டு அனுப்பினார்.

மறுநாள், கெர்னலுக்கு வருவதைச் சரிபார்க்கும் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. யாரும் நேரில் பார்த்திராத மனிதர். ஒரே ஒரு கேள்வி: பேட்டரி இல்லாத மாடலில் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தீர்களா?

மேனேஜர் அக்காவின் மேஜைக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"டெஸ்ட் பண்ணோம்னு பதில் போட்டுடவா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

"போடுங்க சார், பண்ணது உண்மைதானே. ஃபெயில் ஆச்சுன்னும் சேர்த்துப் போட்டுடுங்க."

மேனேஜர் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்றார். அவரும் அப்படியொன்றும் கெட்டவரில்லை என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன், அரை மனதோடு.

மெதுவான டிரைவர் அக்காவின் பெயரில் போனது. மறுபடி சரிபார்த்து முடிப்பதற்குள் அந்தப் பதிப்பு கைநழுவிவிட்டது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. அறிவிப்பு வந்த அன்று அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"வருத்தமா இருக்காக்கா?" என்று மடத்தனமாகக் கேட்டேன்.

"இருக்கு. ரொம்ப ஆசைப்பட்டேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா அந்த மெயிலுக்கு வேற என்ன பதில் போட முடியும், நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.