நேர்காணலுக்கு ஓர் ஒத்திகை

மாமாவுக்கு அகதி நேர்காணல் வருவதற்கு முந்திய வாரம், நோர்வேயில், ட்வெய்ட்டாவில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறை ஓர் அலுவலகமாயிற்று. பேருந்து ஓட்டும் அப்பா, கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் கழுத்துப்பட்டியோடு நோர்வே அதிகாரியாக அமர்ந்தார். அம்மா மொழிபெயர்ப்பாளர். அப்பா தமிழில் கேட்பதைத் தன் தம்பிக்குத் தமிழிலேயே மொழிபெயர்ப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தேன்.

“இயக்கத்திலை என்ன செய்தனீர்?” என்றார் அதிகாரி.

“சென்றியிலை காவலுக்கு நிண்டனான். சுட்டனான். ஒருத்தன் விழுந்தவன். என்ரை வயசுதான் இருக்கும்.”

“சமையலுக்குத்தான் விட்டவையாம்,” என்று அம்மா மொழிபெயர்த்தார்.

“அக்கா, நான் சொன்னதைச் சொல்லுங்கோ.”

அப்பா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “உம்மைப் பிடிச்சுக்கொண்டெல்லோ போனவங்கள். சின்னப் பெடியன் நீர். உதைச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“பிடிச்சுக்கொண்டு போனது அவை. சுட்டது நான், அத்தான்.”

எங்கள் வீட்டில் ‘திருப்பி அனுப்புவது’ என்ற பேச்செடுத்தாலே பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். மாமாவின் குரல் அப்படியே இருந்தது. என் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆளை நான் கண்டதில்லை என்று தோன்றியது. அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

நேர்காணலிலும் அதையே சொன்னார். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் எதையும் திருத்தவில்லை. பிறகு நீண்ட காத்திருப்பு. தொலைபேசி அடிக்கும் போதெல்லாம் அம்மா திடுக்கிட்டார். கடைசியில் வழக்கறிஞர் அழைத்தார்: மாமா இங்கேயே இருக்கலாம். நடந்தது பதினாலு வயதில், கட்டாயத்தின் பேரில். பதினைந்து வயதாகாதவரை இந்த நாட்டுச் சட்டம் தண்டிப்பதில்லை.

அம்மா அழுதார். அப்பா கேக் வாங்க ஓடினார். மாமா மட்டும் கதிரையை விட்டு எழவில்லை.

“அந்த விழுந்தவன்ரை தாய்க்கும் இதை ஆரும் சொல்லுவினமோ?” என்றார்.

“அவவின்ரை விலாசம் தெரியுமோ, மாமா?”

“தெரியாது, பிள்ளை.”

விலாசம் இல்லாததுதான் சிக்கல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

இப்போது என் மகனுக்குப் பதினாலு வயது. மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் அவன் ரயிலால் இறங்கி வரச் சற்றுப் பிந்தினாலும் யன்னலோரம் போய் நிற்கிறேன். அந்த நேரங்களில் சுட்ட பிள்ளையின் தாயாகவும் விழுந்த பிள்ளையின் தாயாகவும் என்னை மாறி மாறி நினைத்துப் பார்க்கிறேன். மாமா அந்த இரண்டு தாய்மாருக்கும் முன்னால் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது, விலாசம் கேட்ட எனக்கு எங்கே விளங்கியிருக்கும்.