பொட்டுக்கு அடியில் இருந்த பெயர்

விளாங்குடியில் அத்தையின் பழைய ஸ்பேனர் கடைக்குள் நுழைந்தால், எதிர்ச் சுவரில் ஒரு ஸ்பேனர் மட்டும் தனியாகத் தொங்கும். பதினாறு-பதினேழு அளவு. யார் விலை கேட்டாலும், "அது விக்கிறதுக்கில்ல தம்பி" என்பார் அத்தை.

கடையை நடத்திவந்த மாமா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. மாமா எந்த ஸ்பேனரையும் கையில் எடுத்ததுமே அதைச் செய்த கம்பெனியைச் சொல்லிவிடுவார். மெக்கானிக்குகள் தேடி வந்ததே அதற்காகத்தான். நல்ல கம்பெனிச் சாமான் எவ்வளவு முறுக்கினாலும் வாய் விரியாது. அதே தோற்றத்தில் இருக்கும் போலிச் சாமான் நட்டில் வழுக்கிக் கையைக் கிழித்துவிடும். அத்தைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. வந்தவர்கள் "வாரேன்க்கா" என்று போனார்கள், திரும்பி வரவில்லை. மாமாவின் தம்பி, கடையைச் செல்போன்காரருக்கு வாடகைக்கு விடச் சொன்னார்.

"பொங்கலுக்குள்ள முடிவு சொல்லுங்க மதினி. இம்புட்டு இரும்ப வச்சு சாம்பாரா வைக்கப் போறீக?"

"வச்சா மொதக் கரண்டி ஒங்களுக்குத்தான்" என்றார் அத்தை. ஆனால் அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஸ்பேனர்களைத் துடைக்க உட்கார்ந்தேன். எல்லாக் கைப்பிடியின் நடுவிலும் நீளமாக ஒரு பள்ளம்; அதில் செக்கச்செவேலென்று ஏதோ இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் உள்ளிருந்து கம்பெனிப் பெயரின் எழுத்துகள் எழுந்தன.

"அடி ஆத்தே! வருசா வருசம் ஆயுத பூசைக்கு அங்கனதான சந்தனமும் குங்குமமும் வச்சேன். பொட்டு வைக்கத்தான் பள்ளம் விட்டிருக்காகன்னுல்ல நெனச்சேன்!"

மாமா ஒருநாளும் தடுக்கவில்லை. அவருக்கு அந்த எழுத்து தேவைப்பட்டிருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது. தேய்ந்த எழுத்துகளில் திருநீற்றைப் பூசித் துடைத்தேன். பள்ளத்தில் தங்கிய வெண்மையில் பெயர் படிக்கும்படி தெரிந்தது. கம்பெனி வாரியாகப் பிரித்து அடுக்கினோம்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அலங்காநல்லூரிலிருந்து டிராக்டர் மெக்கானிக் ஒருவர் தன் ஸ்பேனர் ஒன்றோடு வந்தார். அதே கம்பெனியில் பதினாறு-பதினேழு வேண்டுமாம். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். இரண்டிலும் அதே பெயர், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. அத்தை இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இது வேணாம் தம்பி. ஒங்க நட்சத்திரத்துக்கு அஞ்சு மொன, இதுக்கு ஆறு. எவனோ பேர மட்டும் அடிச்சிருக்கான்."

"வந்த ஆள வெரட்டுறீகளே மதினி!" என்று, முடிவு கேட்க வந்திருந்த மாமாவின் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். மெக்கானிக்கும் வெறுங்கையோடுதான் போனார். எழுத்தைப் படித்ததோடு நிறுத்திய நான் அத்தையின் கையிலிருந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்ததும் அந்த மெக்கானிக் திரும்பி வந்தார், வாடிப்பட்டி ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு. "இந்த அக்கா நல்ல சாமான் இல்லன்னா இல்லன்னு சொல்லும்" என்று அவர்களிடம் சொன்னார். செல்போன் கடைப் பேச்சு அதோடு நின்றது.

இன்று நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எழுத்தைப் படிப்பதோடு நட்சத்திரத்தின் முனைகளையும் எண்ணுகிறேன். இந்த ஆண்டு ஆயுத பூசைக்குக் கடைக்குப் போயிருந்தேன். எல்லா ஸ்பேனருக்கும் இப்போது கழுத்தில்தான் பொட்டு. பெயர்கள் பளிச்சென்று தெரிகின்றன. சுவரில் தொங்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் அத்தை சந்தனத்தை அள்ளி எழுத்தின் மேலேயே அப்பினார்.

"பொய்ப் பேருதான, மூடியே கெடக்கட்டும்" என்றவர், அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டு ஒரு முறை கும்பிட்டுக்கொண்டார்.