நாத்தனாரின் ‘ம்’

தலைமை மருத்துவரிலிருந்து தரை துடைப்பவர் வரை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. இருபத்திரண்டு வருடங்களாக, அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மனிதர்களை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “மூச்ச நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க… அசையாதீங்க… விட்டுடுங்க.” ஒரு நாளைக்கு எண்பது பேர் அவள் சொன்னால் மூச்சை நிறுத்துவார்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் இருக்கிற ஒரே ஒருவரும் கேட்பதில்லை.

அந்த ஒருவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைப் போலவே சிரிப்புக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டால் போதும் என்று நினைக்கிற ஆள். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் போடுவதற்கு ஃபிரிட்ஜ் மட்டும்தான் மிச்சம்.

இந்தச் சமயத்தில்தான் அவள் வாழ்க்கையில் கொட்டாவி நுழைந்தான். நுழைத்துவிட்டவர் விலா எலும்பு முறிந்த ஒரு நோயாளி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிப்பார், உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு “ஐயோ அம்மா!” என்று கத்துவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்ப்பார். அக்கா கதவைத் திறந்து கேட்டாள்:

“சார், வலிக்குதுன்னா அதை நிறுத்தக் கூடாதா?”

“நிறுத்த முடியலம்மா. படுபாவி கொல்றான்.”

முறிந்த விலாவையே சிரிக்க வைக்கிறவன் என்றால் அவன் சாதாரண ஆள் இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. பெயரைக் கேட்டுக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது முதல் வீடியோவைப் பார்த்தாள். முப்பதைத் தாண்டிய ஒரு ஆள், தூங்கி எழுந்த முகத்தோடு மேடைக்கு வந்து, முதலில் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான். அதனால்தான் அந்தப் பெயர். பிறகு பாதித் தூக்கத்தில் பேசுகிற குரலில் தன் வீட்டுக் கதையை எடுத்து விட்டான். அக்கா சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. தோள் குலுங்கும், கண்ணில் நீர் கொட்டும். பக்கத்தில் இருந்த அம்மாள் அவளுக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து, கையைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மூன்று வருடத்தில் அவனுடைய எல்லா வீடியோவும் அவளுக்கு மனப்பாடம். கணவரைப் பற்றிச் சொல்லும்போது ‘அவர்’ என்பாள். கொட்டாவியைப் பற்றிச் சொல்லும்போது ‘அவன்’. “இதுல யாரு உனக்கு நெருக்கம்?” என்று கணவர் ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குளிக்கப் போய்விட்டார். விவரமானவர்.

கொட்டாவியின் கதைகளில் ஒன்று என்றால் அக்காவுக்கு உயிர். அவனுடைய அக்கா வீட்டுக்கு வருகிற கதை. “எங்கக்கா வந்ததும் வாசல்ல செருப்பக் கழட்டுவாங்க. உள்ள வந்து என் பொண்டாட்டியக் கழட்டுவாங்க. அப்புறம் நேரா போய் ஃபிரிட்ஜைத் திறப்பாங்க. பாப்பாங்க. ‘ம்’ அப்படிம்பாங்க. மூடிடுவாங்க. அவ்வளவுதான். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்னு நானும் என் பொண்டாட்டியும் ஆறு மாசமா பேசிட்டு இருக்கோம்.”

இதை அக்கா நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். காரணம், அந்த ‘ம்’ அவள் வீட்டிலும் இருந்தது. அவளுடைய நாத்தனார், கணவருக்கு மூத்தவர், மாதத்துக்கு இரண்டு முறை வருவார், வந்தால் ஃபிரிட்ஜைத் திறப்பார், ‘ம்’ என்பார், மூடுவார். கல்யாணம் ஆன முதல் மாதத்திலிருந்து இது நடக்கிறது. காய் வாடியிருக்கிறது என்கிறாரா, வாங்கிக் குவித்திருக்கிறாள் என்கிறாரா, என் தம்பிக்கு இதுதான் சாப்பாடா என்கிறாரா? இருபத்தாறு வருடமாக அக்கா அந்த ஒற்றை எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருள் விளங்காமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வருகிறார் என்றால் முந்தைய நாளே ஃபிரிட்ஜைக் கழுவிவிடுவாள்.

அந்த வருடம் கொட்டாவி அவர்கள் ஊருக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி, மூன்றாவது வரிசை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நிகழ்ச்சி முடிந்து அவனைப் பார்த்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, மூன்று வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள்: “தம்பி, உங்களால எங்க வீட்டுல சத்தம் வந்துச்சு.”

சனிக்கிழமை கணவர் நைசாகக் கழன்றுகொண்டார்.

“நாளைக்கு டியூட்டி போட்டுட்டாங்க. ஆனா டிக்கெட் வீணாகாது. அக்காகிட்ட சொல்லிட்டேன், அவங்க வர்றாங்க.”

“எந்த அக்கா?”

“எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?”

அன்று ராத்திரி அவள் கணவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

நாத்தனார் இருபத்தேழு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் குரலைக் கேட்டுத்தான் ரயிலைப் பிடித்திருக்கிறார்கள், மீதிப் பேர் தவறவிட்டிருக்கிறார்கள். நான்கு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே அரங்க வாசலில் தண்ணீர் பாட்டிலும் கைப்பையுமாக நின்றிருந்தார்.

“மணி மூணு பத்து. நீ லேட்டு.”

“நாலு மணிக்குத்தான் அண்ணி ஆரம்பிப்பாங்க.”

“வண்டி நாலு மணிக்குன்னா நாலு மணிக்கா வருவாங்க?”

உள்ளே உட்கார்ந்ததிலிருந்து அக்காவுக்கு ஒரே வேண்டுதல்தான்: இன்றைக்கு மட்டும் அந்த ஃபிரிட்ஜ் கதையைச் சொல்லிவிடாதே. மூன்று வருடமாக எதைக் கேட்கத் தவம் கிடந்தாளோ அதையே வேண்டாம் என்று கும்பிடும் நிலைமை.

கொட்டாவி வந்தான். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தான். கொட்டாவி விட்டான். அரங்கம் அதிர்ந்தது. “வாயைக் கையால மறைக்க மாட்டானா?” என்றார் நாத்தனார். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த கதை, வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்த கதை என்று ஓடியது. சில கதைகள் அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், அவன் முடிப்பதற்கு முன்பே அவள் தோள் குலுங்கத் தொடங்கிவிடும். அவன் இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பிறகு தண்ணீர் குடித்தான். “எங்கக்கா வீட்டுக்கு வந்தாங்கன்னா…” என்று ஆரம்பித்தான்.

அக்கா உறைந்தாள். செருப்பு வந்தது. அரங்கம் சிரித்தது. ஃபிரிட்ஜ் வந்தது. ‘ம்’ வந்தது. கூட்டம் நாற்காலியில் புரண்டது. மூன்றாவது வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, பக்கத்தில் திரும்பாமல், கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கொட்டாவியின் கண்ணில் அது படாமல் போகுமா?

“பச்சை ஸ்வெட்டர் அக்கா! இவ்வளவு நேரம் நான் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சீங்க. இப்ப சொல்லி முடிச்சும் சிரிக்கல. ஏன் மூச்சப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?”

யாரோ ஓடிவந்து அவள் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள். “ஒண்ணுமில்லீங்க.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“எக்ஸ்ரே எடுக்கறேன்.”

“அடடா! ஊரையே மூச்சப் பிடிக்கச் சொல்லிட்டு இங்க வந்து நீங்களே பிடிச்சிட்டீங்களா? சரி, பக்கத்துல யாரு, அம்மாவா?”

நாத்தனாருக்கு அக்காவைவிட ஆறே வயதுதான் அதிகம். மைக் இன்னும் நடுவிலேயே இருந்தது. அதில் தெள்ளத் தெளிவாக, அரங்கத்தின் கடைசி வரிசைவரை, ஒரு சத்தம் போய்ச் சேர்ந்தது.

“ம்.”

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. “என் நாத்தனாருங்க” என்றாள் அக்கா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. கொட்டாவி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

சிரிப்பு அடங்குவதற்கு முன் நாத்தனார் எழுந்தார். மைக்கை வாங்கினார். அதை உதட்டிலிருந்து சரியாக நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தார். முதுகு நிமிர்ந்தது.

“தயவுசெய்து அமைதியா இருங்க.”

ஐந்நூறு பேரும் கப்சிப். பழக்கதோஷத்தில் சிலர் தங்கள் பைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா… உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனே?” என்றான் கொட்டாவி.

“ஸ்டேஷன்ல கேட்டிருப்ப. ரயில் தாமதத்துக்கு ‘வருந்துகிறோம்’னு சொன்னது நான்தான்.”

“நிஜமாவே வருந்துவீங்களா?”

“லேட்டா வர்றது வண்டி. வருந்துறது நான். இருபத்தேழு வருஷம் பண்ணாத தப்புக்கெல்லாம் வருந்திட்டேன். அதனால வீட்டுல யார்கிட்டயும் வருந்துறதில்ல. என் கோட்டா முடிஞ்சு போச்சு.”

கைதட்டல். நாத்தனார் அது அடங்கும்வரை காத்திருந்தார். எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது தொடர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“அந்த ‘ம்’முக்கு அர்த்தம் வேணும்னு அழுதியே, கேட்டுக்கோ. இவ வீட்டுக்குப் போவேன். தண்ணி எடுக்கவோ எதுக்கோ ஃபிரிட்ஜைத் திறப்பேன். திறந்ததும் எதுக்குத் திறந்தேன்னு மறந்துபோயிடும். இவ பின்னாடியே நின்னு பாத்துட்டிருப்பா. சும்மா மூடினா அசிங்கமா இருக்காது? அதான் ‘ம்’முன்னு சொல்லிட்டு மூடுவேன்.”

அரங்கம் என்ன செய்தது என்பது அக்காவுக்குக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம்! எத்தனை முந்தைய நாள்கள், எத்தனை கழுவல்கள்! அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவரோ நிறுத்துகிற உத்தேசத்திலேயே இல்லை.

“திறந்தா உள்ள என்ன இருக்குங்கற? டப்பா டப்பாவா சீட்டு ஒட்டி வச்சிருப்பா. ‘இன்று’. ‘நாளை’. ‘தொடாதே’. ஃபிரிட்ஜா, பிணவறையான்னு தெரியாது. நான் வர்றேன்னு தெரிஞ்சா தரையை அப்படித் துடைப்பா, காலை வச்சதும் வழுக்கும். என்னைக் கீழ விழ வச்சு எக்ஸ்ரே எடுக்கத்தான் திட்டம் போடறான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.”

அப்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்குகிற சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் இரண்டு தடவை தடுக்கி, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் திடீரென்று ஸ்டார்ட் ஆனதுபோல் வெடித்தது. அவள் சிரிப்புக்கு இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பது அவளுக்கே அன்றுதான் தெரியும். கூட்டம் அவள் சிரிப்பைக் கேட்டு இன்னொரு தடவை சிரித்தது. கொட்டாவி தலையில் அடித்துக்கொண்டான்.

“எலும்பு வரைக்கும் பாக்கற அக்காவால ஒரு ‘ம்’முக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியலயே!”

நிகழ்ச்சி முடிந்ததும் அவனே கீழே இறங்கி வந்தான். அக்கா வாயைத் திறந்தாள். “தம்பி, உங்களால எங்க வீட்டுல…” என்று ஆரம்பிப்பதற்குள் அவன் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். “நீ மைக்கை முழுங்கற. அதான் ‘ப’ வர்ற இடமெல்லாம் வெடிக்குது” என்றார் அவர். அவன் தலையாட்டினான். மூவரும் எடுத்துக்கொண்ட படத்தில் நாத்தனார் நடுவில் நிற்கிறார். கொட்டாவி முழுதாகத் தெரிகிறான். அக்காவின் முகத்தில் பாதியை நாத்தனாரின் கைப்பை மறைத்திருக்கிறது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் நாத்தனாரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“ரொம்பப் பேசிட்டேனா?”

“இத்தனை வருஷமா இதை ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலயே. நீ பாட்டுக்கு மரியாதையா நின்னுட்டிருந்த. மரியாதையா நிக்கறவகிட்ட எனக்கு மறதி வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது?” பிறகு கொஞ்சம் தயங்கினார். “அந்த ‘தொடாதே’ டப்பால என்னதான் இருக்கு?”

“சாக்லேட். உங்க தம்பிக்குத் தெரியாம.”

“எடுத்து வை. அடுத்த தடவை வர்றேன்.”

அந்தத் துண்டு வீடியோவைக் கொட்டாவி வெளியிட்டான். ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. எலும்பு மருத்துவர் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ‘ம்’ என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பார். காத்திருக்கிற நோயாளிகள், “அந்த நாத்தனாரம்மா வரலியா?” என்று கேட்பார்கள். அக்காவுக்குப் பெருமையாகவும் இருந்தது, லேசாக எரியவும் செய்தது. கொட்டாவிக்காக மூன்று வருடம் தவமிருந்தவள் அவள். வரம் மட்டும் வேறு முகவரிக்குப் போய்விட்டது. ராத்திரி அவன் புது வீடியோவைப் போட்டால், “நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்த மாட்டேங்கறான். அண்ணி நிறுத்துவாங்க” என்று அவளுக்கே தோன்றித் தொலைத்தது.

இரண்டு மாதத்தில் நாத்தனார் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் புதியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடை கொடுக்கிறார்களாம். அவர் பெயர் கொடுத்துவிட்டாராம். அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாத்தனார் பதினோரு நிமிடம் பேசினார். நேரம் முடிந்ததற்கு விளக்கு காட்ட வேண்டிய பையன், அந்தக் குரலுக்கு முன்னால் விளக்கைப் போடத் தைரியம் இல்லாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார்.

“எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லு.”

அக்கா யோசித்தாள். இருபத்தாறு வருடத்தில், அந்தச் சாக்லேட்டைத் தவிர, இவரிடம் அவள் உண்மை எதுவும் சொன்னதில்லை. “நடுவுல கொஞ்சம் இழுத்துடுச்சு அண்ணி. அந்தப் பென்ஷன் ஆபீஸ் கதை.”

“அதையா சொல்ற? அதுக்குத்தானே சிரிச்சாங்க!”

“பயத்துல சிரிச்சாங்க.”

நாத்தனார் முறைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் ஒரு வரியை அடித்தார். “சரி, அடுத்த வாரத்துக்கு வேற வேணும். என் தம்பியப் பத்திப் பேசலாமான்னு பாக்கறேன். ஆனா எனக்கு அவனை இருபத்தெட்டு வயசு வரைக்கும்தான் தெரியும்.”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, நாத்தனாரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எழுதிக்கோங்க அண்ணி. ஊர்ல எந்த லிஃப்ட் நின்னாலும் ஓடுவாரு. எங்க வீட்டு மிக்ஸி நின்னு நாலு வருஷம் ஆச்சு.”

“மெதுவாச் சொல்லு. நாலு வருஷமா?”

“நாலு வருஷம் ரெண்டு மாசம். இன்னும் இருக்கு.”

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. நாத்தனார் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.